பறக்கமுன் எழுதப்படும் பயணம்

1964ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரிலிருந்து ஒற்றை இயந்திரம் கொண்ட சிறிய செஸ்னா 180 விமானமொன்று கிளம்பியது. அதில் இருந்தவர் ஒரேயொருவர். மூன்று பிள்ளைகளின் தாயான ஜெரி மொக் என்ற 38 வயது இல்லத்தரசி. 29 நாட்களின் பின், ஏப்ரல் 17ஆம் திகதி, அவர் அதே நகரில் வந்திறங்கினார். விமானத்தில் தனியாக உலகைச் சுற்றிவந்த முதற் பெண் அவரே.

வீட்டிலேயே இருந்து அலுத்துப்போய்விட்டது என்று அவர் ஒருநாள் சொன்னபோது, அப்படியானால் உலகைச் சுற்றிப் பறந்துவிட்டு வா என்று கணவர் பகிடியாகச் சொன்னாராம். ஜெரி அதைப் பகிடியாக எடுக்கவில்லை. வரைபடங்களை விரித்தார். கணக்குப் போட்டார். ஓராண்டுக்கு மேல் ஆயத்தம் செய்த பின்னரே புறப்பட்டார்.

இதைத் துணிச்சல் என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் துணிச்சலுக்கு அடியில் இருப்பது ஒரு சாதாரண பழக்கம். அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகும் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் அதைக் கற்றே ஆகவேண்டும்.

தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற விரும்புபவர், பயிற்சிக் காலத்தில் தனியாக ஒரு நெடும்பயணம் செய்யவேண்டும். அது மொத்தம் 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீற்றர். மூன்று இடங்களில் இறங்கவேண்டும். இதற்கான திட்டத்தை மாணவர் தானே தயாரிக்கவேண்டும். பயிற்சியாளர் அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பின்பே புறப்படலாம்.

வரைபடம்

முதலில் வேண்டியது வான்வழி வரைபடம். அதில் ஒரு சென்ரிமீற்றர், தரையில் ஐந்து கிலோமீற்றருக்குச் சமம். புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை ஒரு கோடு கீறப்படும். அந்தக் கோட்டை ஒட்டிய ஆறு, பாலம், ரயில் பாதை, குளம் போன்றவை அடையாளங்களாகக் குறிக்கப்படும். ஒவ்வோர் அடையாளத்தையும் எத்தனை மணிக்குக் கடக்கவேண்டும் என்பதும் எழுதப்படும். சொன்ன நேரத்தில் பாலம் தெரியவில்லையென்றால் எங்கோ பிழைத்துவிட்டது என்று விமானி உடனே அறிந்துகொள்வார்.

இப்போது கையடக்கக் கணினியிலேயே வரைபடம் வருகிறது. ஆனாலும் கணினி நின்றுபோனால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கவேண்டும் என்பதால், பல பயிற்சியாளர்கள் இன்றும் கையால் கணக்கிடச் சொல்கிறார்கள்.

காற்றும் எரிபொருளும்

அடுத்தது காலநிலை அறிக்கை. ஓர் உதாரணம் பாருங்கள். தூரம் 100 கடல் மைல். விமானத்தின் வேகம் மணிக்கு 100 கடல் மைல். காற்று இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். எதிர்க்காற்று 20 மைல் வேகத்தில் வீசினால் மிஞ்சும் வேகம் 80தான். பயணம் 75 நிமிடமாகிவிடும். மணிக்கு 30 லீற்றர் செலவாகும் விமானத்துக்கு இப்போது 37.5 லீற்றர் வேண்டும்.

அதோடும் முடிவதில்லை. போய்ச் சேர்ந்த பின்னும் பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்கக்கூடிய எரிபொருள் மிச்சமிருக்கும்படி நிரப்பிக்கொண்டுதான் கிளம்பவேண்டும் என்பது சட்டம். இறங்க நினைத்த இடம் மூடப்பட்டிருந்தால் வேறு எங்கே இறங்குவது என்பதையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வார்கள்.

திட்டம் போட்டவருக்கும் பிழை வரும். எகிப்தில் கெய்ரோ விமான நிலையம் என்று எண்ணி ஜெரி இறங்கியது ஓர் இராணுவ விமானத் தளத்தில். படையினர் சூழ்ந்துகொண்டார்கள். அவர் நிலைமையை விளக்கினார். பின்னர் அங்கிருந்து கெய்ரோ சென்று பயணத்தைத் தொடர்ந்தார். ஒரு பிழையோடு எல்லாம் முடிந்துவிடவில்லை.

வழி பார்த்திருக்கும் ஒருவர்

கடைசியாக ஒரு தாள் உண்டு. எங்கிருந்து எங்கே போகிறேன், எந்த வழியால் போகிறேன், எத்தனை மணிக்குச் சேருவேன் என்பவற்றை எழுதித் தரையில் உள்ள சேவை நிலையத்திடம் கொடுத்துவிட்டுப் போகலாம். சேர்ந்ததும் அறிவிக்கவேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் அரை மணித்தியாலம் கடந்தும் தகவல் இல்லையென்றால் தேடத் தொடங்குவார்கள். போனவர் எங்கே என்று கேட்க ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்கள் சகோதரிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நாங்கள் விமானம் ஓட்டப் போவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் புதிதாக ஒரு தொழில் தொடங்கினாலும், பிள்ளையைத் தூர இடத்துக்குப் படிக்க அனுப்பினாலும் கேள்விகள் இவைதான். வழி எது? எதிர்க்காற்று வீசினால் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? இது சரிவராவிட்டால் அடுத்த இடம் எது? யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்?

ஒரு தாளும் பேனையும் எடுங்கள். இந்த நான்குக்கும் பதில் எழுதிப் பாருங்கள். பயம் முழுதாகப் போய்விடாது. ஆனால் எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது தெளிவாகும்.