உங்களுக்குத் தெரியுமா? வட்டு கையில் இருந்தும் கேம் ஓடாது!

2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்த மைக்ரோசாஃப்ட், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அது இணையத்தில் தலைகாட்டியாக வேண்டும், இல்லையென்றால் வட்டில் வாங்கிய கேமும் ஓடாது என்றது. எதிர்ப்பு வலுக்கவே, ஜூன் 19-ஆம் தேதி அதைக் கைவிட்டது. கைவிட்டிருக்காவிட்டால்? 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு இணையத்தை நிறுத்தியது; தூத்துக்குடியில் அது நாள்கணக்கில் நீண்டது. காசு கொடுத்து வாங்கிய வட்டு இருக்கும், மின்சாரமும் இருக்கும். இரண்டாம் நாளே கேம் நின்றிருக்கும். எரியோடு போன்ற சிற்றூரில் கேபிள் அறுந்து, சரிசெய்ய ஆள் வரத் தாமதமானாலும் இதே கதிதான்.

திருட்டுப் பிரதியைத் தடுக்க வேறு வழியில்லை என்பார்கள். ஆனால் முதலில் ஒருமுறை இணைத்தால் போதும், பிறகு வட்டு கேம்களை இணையமே இல்லாமல் ஆடலாம் என்று அதே நிறுவனம்தான் பின்வாங்கும்போது சொன்னது. பலர் சேர்ந்து ஆடுவதற்கு இணையம் வேண்டும், நியாயம். தனியாக ஆடுகிறவருக்கு எதற்கு? 2014-இல் வந்த ‘தி க்ரூ’ கார் பந்தய கேமைத் தனியாக ஆடவும் சர்வர் தொடர்பு தேவைப்பட்டது. 2024 மார்ச் 31-க்குப் பிறகு அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் சர்வரை நிறுத்தியது. வட்டு வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியவில்லை.