அந்தப் பிள்ளைப் பருவத்தைக் கட்டியது யார்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1946 தொடங்கி 1964 வரை, அமெரிக்காவில் ஏறக்குறைய 7 கோடியே 60 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களில் பலர் வளர்ந்தது, அந்த ஆண்டுகளில் புதிதாக முளைத்த புறநகர்களில். இன்று முதுமையில் இருக்கும் அந்தத் தலைமுறையின் நினைவுக் குறிப்புகளை எடுத்துப் படித்தால், ஊர் வேறாக இருந்தாலும் காட்சிகள் ஒன்றாகவே இருக்கும். பள்ளி விட்டதும் சைக்கிளில் சுற்றுவது, தெருவிளக்கு எரிந்தால்தான் வீடு திரும்புவது, வெள்ளை வண்டியில் மணியடித்து வரும் ‘குட் ஹியூமர்’ ஐஸ்கிரீம்காரர், பூட்டாத பின்கதவு, எந்தப் பிள்ளை தப்புச் செய்தாலும் அதட்டும் பக்கத்து வீட்டு அம்மா. ‘அன்றைக்கு மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள், இப்போது காலம் கெட்டுவிட்டது’ என்ற பெருமூச்சோடு அந்தக் குறிப்புகள் முடியும். இந்த நினைவுகளில் பொய் இல்லை. ஆனால் அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் தவறு என்பதே என் கருத்து. அந்த இனிமை மனித மனத்தின் நல்ல குணத்தால் தானாக வந்துவிடவில்லை. சட்டம் போட்டு, கடன் கொடுத்து, திட்டமிட்டு அதைக் கட்டினார்கள். அதைச் சுற்றி ஒரு சுவரையும் எழுப்பினார்கள்.

இதற்குச் சரியான சான்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள லெவிட்டவுன். ஏப்ரஹாம் லெவிட், அவர் மகன்கள் வில்லியம், ஆல்ஃபிரட் ஆகியோரின் நிறுவனம் 1947-இல் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி அங்கே வீடு கட்டத் தொடங்கியது. வேலையை இருபதுக்கு மேற்பட்ட படிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவும் தன் ஒரே வேலையை வீடு வீடாகச் செய்துகொண்டே போனது. வேகம் உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 30 வீடுகளுக்கு மேல் முடிந்தன. 1951-க்குள் 17,000-க்கும் அதிகமான வீடுகள் எழுந்துவிட்டன. முதலில் கட்டிய வீட்டின் பரப்பு சுமார் 750 சதுர அடிதான். கீழே இரண்டு படுக்கையறை, மேலே முடிக்கப்படாத மாடம், 60-க்கு 100 அடி மனை. கான்கிரீட் தளத்துக்குள் செப்புக் குழாய்களைப் பதித்து வெந்நீர் ஓடவிட்டதால், பனிக்காலக் காலையிலும் தரை வெதுவெதுப்பாக இருந்தது. 1949-இல் வந்த புது மாதிரியில் சமையலறையை முன்புறம் கொண்டுவந்து, கூடத்தைப் பின்புறம் தள்ளி, தோட்டத்தைப் பார்த்தபடி பெரிய கண்ணாடிச் சன்னலை வைத்தார்கள். வீட்டுக்குள் இருந்தபடியே பிள்ளைகள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள முடிந்தது. வீடுகளுக்கு இடையே வேலி போடக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஊருக்குள் ஒன்பது நீச்சல் குளங்களும் விளையாட்டுத் திடல்களும் அமைந்தன. வேலி இல்லாததால் பல வீட்டுப் பின்புறங்கள் சேர்ந்து ஒரே மைதானம்போல ஆயின.

‘எங்கள் அப்பா உழைத்துச் சம்பாதித்த வீடு அது, அரசாங்கத்துக்கு அதில் என்ன பங்கு?’ என்று அந்த ஊரில் வளர்ந்தவர்கள் கேட்கலாம். உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அப்பாக்களின் தந்தையரும் கடுமையாகவே உழைத்தவர்கள். அவர்களில் பலர் கடைசி வரை வாடகை வீட்டிலேயே வாழ்ந்து மறைந்தார்கள். இரண்டு தலைமுறைக்கும் நடுவே மாறியது கடன் முறை. 1934-இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடனுக்கு அரசுக் காப்பீடு தந்தது. 1944-இல் வந்த போர்வீரர் நலச் சட்டம், படையிலிருந்து திரும்பியவர்களின் கடனுக்கு அரசையே பொறுப்பாளி ஆக்கியது. 7,990 டாலர் விலையுள்ள லெவிட்டவுன் வீட்டை, முன்பணம் எதுவும் கட்டாமல் மாதம் 60 டாலருக்கும் குறைவான தவணையில் ஒரு முன்னாள் வீரர் வாங்க முடிந்தது. போர் முடிந்து வந்து, மாமனார் வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரும் வரம். ஒரே வயது, ஒத்த வருமானம், கைக்குழந்தை என்றிருந்த ஆயிரக்கணக்கான இணையர்கள் ஒரே சமயத்தில் ஒரே ஊரில் குடியேறினார்கள். தெருவில் இறங்கினால் விளையாட ஆள் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. அச்சில் வார்த்த வீடுகளில் அச்சில் வார்த்த மனிதர்கள்தான் வாழ்ந்தார்கள், இதில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது என்று லூயிஸ் மம்ஃபோர்ட் போன்ற நகரவியல் அறிஞர்கள் கண்டித்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்கவே சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், 1958-இல் நியூஜெர்சியில் உருவான இன்னொரு லெவிட்டவுனில் வீடு வாங்கி, சுமார் இரண்டு ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து ஆராய்ந்தார். 1967-இல் வெளிவந்த அவர் நூல், பெரும்பாலோர் அங்கே நிறைவாகவே வாழ்ந்தார்கள், ஒருவரைப் போலவே இன்னொருவர் ஆகிவிடவில்லை என்று காட்டியது. ஆகவே அந்த மகிழ்ச்சியை மாயை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மகிழ்ச்சியை யார் சுமந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே காரைக் கணவர் வேலைக்கு எடுத்துச் சென்றபின் அந்தத் தெருக்களை நாள் முழுதும் காத்தவர்கள் தாய்மார்கள். பூட்டாத கதவுக்குப் பின்னால் சம்பளமில்லாத காவல் ஒன்று இருந்தது. அந்தப் பெண்களின் மனப்புழுக்கத்தை 1963-இல் பெட்டி ஃப்ரீடன் எழுதிய நூல் வெளியே கொண்டுவந்தது.

அதைவிடக் கனமான செய்தி ஒன்று உண்டு. லெவிட்டவுனின் தொடக்க கால வாடகை ஒப்பந்தம், வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அந்த வரி நீங்கியது; வழக்கம் நீங்கவில்லை. கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமே அத்தகைய நிபந்தனைகளை முன்பு ஊக்குவித்திருந்தது. நியூயார்க், வட நியூஜெர்சி பகுதிகளில் போர்வீரர் நலச் சட்டத்தின்கீழ் கிடைத்த 67,000 வீட்டுக் கடன்களில், வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கிடைத்தவை நூறுகூட இல்லை. பென்சில்வேனியா லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் மூன்று குழந்தைகளோடு குடியேறினார்கள். வில்லியம் போரில் பணியாற்றியவர். இரவுதோறும் அவர்கள் வீட்டின் முன் கும்பல் கூடியது, கல் பறந்தது, சன்னல் உடைந்தது. மாநிலக் காவல்துறை வந்து காக்க வேண்டியதாயிற்று. அக்கம்பக்கத்தில் சிலர் அவர்களுக்குத் துணையாக நின்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வர 1968 ஆயிற்று. அதற்குள் விலை ஏறிவிட்டது. மலிவாக வாங்கிய வீடு ஒரு தரப்பின் பிள்ளைகளுக்குச் சொத்தானது. மறு தரப்பினர் அந்தத் தொடக்க வாய்ப்பையே இழந்தார்கள்.

‘எட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா? அதன் நினைவில் ஏன் அரசியலைக் கலக்கிறீர்கள்?’ என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். பிள்ளைகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் இன்று நினைத்துப் பார்ப்பவர் எட்டு வயதுப் பிள்ளை அல்லர். வாக்களிக்கும், வரி கட்டும், தன் ஊரில் யார் வீடு கட்டலாம் என்பதில் குரல் கொடுக்கும் முதியவர். அந்தக் காலத்து நன்மை மனிதர்களின் குணத்தால் வந்தது என்று அவர் நம்பினால், இன்றைய இளைஞர்களைக் குறை சொல்வதோடு நின்றுவிடுவார். கொள்கையால் வந்தது என்று அறிந்தால், இன்று வீடு வாங்க முடியாமல் தவிக்கும் இளம் குடும்பங்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று கேட்பார்.

வீட்டுக்கு மட்டுமல்ல, பள்ளிக்குப் போகும் வழிக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 1969-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-இல் அது 13 விழுக்காடு. பிள்ளைகளின் கால்கள் சோர்ந்துபோனதால் நேர்ந்த மாற்றம் அல்ல இது. பள்ளிகள் எட்டத்தில் போய்விட்டன, சாலைகள் காருக்கென்றே ஆகிவிட்டன, பெற்றோரின் அச்சமும் வளர்ந்துவிட்டது. பள்ளி எங்கே இருக்க வேண்டும், சாலை யாருக்காக இருக்க வேண்டும் என்பதெல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். அவற்றை மனிதர்களே மாற்றவும் முடியும். எட்டக்கூடிய விலையில் வீடு, நடந்து போகும் தூரத்தில் பள்ளி, கட்டணமில்லாத விளையாட்டுத் திடல் ஆகிய மூன்றும் அன்று ஒரு நிறத்தாருக்கு மட்டும் தரப்பட்டன. பிறந்த ஊரின் மேல் உண்மையான அன்பு உள்ளவர்கள், அந்த மூன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று தங்கள் ஊர் மன்றத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும்.