வலையும் வழக்கும் – 9: ஒட்டியவரும் சுவர்க்காரரும்

சிதம்பரம் கீழ வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர் எதையாவது குனிந்து பாருங்கள். கண்ணீர் அஞ்சலியோ மஞ்சள் நீராட்டு விழாவோ, அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அச்சடித்தவர் பெயரும் ஊரும் தெரிய வேண்டும் என்று 1867-லேயே வெள்ளைக்காரர் சட்டம் போட்டார்கள். தேர்தல் போஸ்டருக்கு இன்றும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. அவதூறு அச்சானால் எழுதிக் கொடுத்தவரோடு அச்சகக்காரரும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். சுவரின் சொந்தக்காரரை யாரும் கேட்பதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒட்டிவிட்டுப் போனதற்கு அவர் என்ன செய்வார்?

இணையதளத்தை இதில் எந்தப் பக்கம் சேர்ப்பது? யாரோ எழுதியதை, யாரோ எடுத்த வீடியோவை அது உலகம் முழுக்கக் காட்டுகிறது. அதை வைத்து விளம்பரக் காசும் பார்க்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து அச்சேற்றுவதில்லை. நம் கோர்ட்டுகள் இதோடு மல்லுக்கட்டத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

2004 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெண் போலீசில் புகார் கொடுத்தார். விவாகரத்தானவர். அவரை மணக்க விரும்பி, முடியாமல் போன ஒருவர், அவர் பெயரிலேயே பொய் மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி யாஹூ குழு ஒன்றில் ஆபாசச் செய்திகளைப் போட்டிருந்தார். அதை நம்பி முன்பின் தெரியாத ஆண்கள் அந்தப் பெண்ணுக்கு போன் மேல் போன் போட்டார்கள். ஆளை மும்பையில் பிடித்தார்கள். பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் சாட்சி சொன்னார்கள். நவம்பர் 5-ம் தேதி எழும்பூர் கோர்ட் இரண்டு ஆண்டு கடுங்காவல் விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று இதைச் சொல்வார்கள். ஒட்டியவர் சிக்கினார், யாஹூ கூண்டில் ஏறவில்லை.

அதே நவம்பர் கடைசியில் இன்னொன்று நடந்தது. டெல்லிப் பள்ளி மாணவர்கள் இருவரின் அந்தரங்க வீடியோவை 125 ரூபாய்க்கு விற்பதாக ஐ.ஐ.டி. மாணவர் ஒருவர் பாஸி டாட் காம் என்ற தளத்தில் போட்டார். அமெரிக்காவின் இபே அப்போதுதான் அந்தத் தளத்தை வாங்கியிருந்தது. சனிக்கிழமை இரவே ஒருவர் தளத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார். எடுத்தது திங்கட்கிழமை காலை. அதற்குள் எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். டிசம்பரில் தளத்தின் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் கைதானார். வழக்கு எட்டு ஆண்டு இழுத்தது. கம்பெனியைச் சேர்க்காமல் அதிகாரியை மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்காக அந்தச் சனிக்கிழமை இரவுக்கும் திங்கட்கிழமை காலைக்கும் நடுவில் வீடியோவில் இருந்த பெண்பிள்ளைக்கு நேர்ந்தது இல்லையென்று ஆகிவிடுமா? தளத்தின் பொறுப்பு என்று நான் சொல்வதெல்லாம் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

பாஸி வழக்கு கிளப்பிய பரபரப்புக்குப் பிறகு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவைத் திருத்தினார்கள். 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. பிறர் போட்டதற்குத் தளம் பொறுப்பல்ல. ஆனால் சட்டவிரோதமானது என்று தெரிந்த பிறகும் எடுக்காமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தெரிந்த பிறகு என்றால், யார் சொல்லித் தெரிந்த பிறகு?

2011-ல் வந்த விதிகள், பாதிக்கப்பட்டவர் எழுதினாலே போதும், 36 மணி நேரத்தில் நடவடிக்கை என்றன. பெங்களூரின் சி.ஐ.எஸ். ஆய்வு மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. வேண்டுமென்றே ஓட்டையான புகார்களை ஏழு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஆறு நிறுவனங்கள் கேட்டதற்கு மேலேயே நீக்கின. எழுதியவருக்காக வழக்காடி அவர்களுக்கு என்ன லாபம்? எடுத்துப் போட்டுவிட்டால் வம்பில்லை.

சென்னையில் நடந்ததும் உண்டு. 2012-ல் ‘3’ படத்தைத் திருட்டு டவுன்லோடிலிருந்து காக்கத் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்கள் மீது தடை வாங்கினார். அதில் வரும் ‘கொலவெறி’ பாட்டு ஊரெல்லாம் ஒலித்த நேரம். இணைய சேவை நிறுவனங்கள் வீமியோ போன்ற தளங்களை முழுசாகவே முடக்கின. சொந்தக் குறும்படத்தை அங்கே வைத்திருந்தவருக்கும் கதவு சாத்தப்பட்டது. குறிப்பிட்ட லிங்கை மட்டும் தடுங்கள் என்று ஜூன் மாதம் கோர்ட் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கடலூரைத் தாண்டினால் வரும் புதுச்சேரியில், மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகச் சிறுதொழில் நடத்தும் ஒருவரை அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்தார்கள்.

ஆகவே 2015 மார்ச் 24-ம் தேதி ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதே தீர்ப்பு 79-க்கும் பொருள் சொன்னது: தளத்துக்குத் ‘தெரிந்தது’ என்றால் கோர்ட் உத்தரவோ அரசு அறிவிக்கையோ வந்தது என்றே அர்த்தம். கோடிக்கணக்கான புகார்களில் எது நியாயம் என்று கம்பெனிக்காரர் நீதிபதியாக உட்கார வேண்டாம். அரசியல் விமர்சனத்துக்கும் கோயில் சண்டைக்கும் கேலிச் சித்திரத்துக்கும் இதுதான் சரி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் படத்தை எவனோ ஒட்டு வேலை செய்து போட்டுவிட்டால்? கடலூர் மாவட்டத்துக்காரருக்கு உயர் நீதிமன்றம் என்றால் சென்னை. சிதம்பரத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வக்கீல் பிடித்து, மனுப் போட்டு, உத்தரவு வாங்கி வருவதற்குள் படம் எத்தனை போன்களில் ஏறியிருக்கும்?

2021 பிப்ரவரியில் வந்த விதிகளில் இதற்குத் தனி வழி வைத்தார்கள். நிர்வாணமோ அந்தரங்கமோ தெரியும் படம், மார்பிங் செய்த படம், ஆள்மாறாட்டம் என்றால் கோர்ட் உத்தரவு தேவையில்லை. பாதிக்கப்பட்டவரே தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். அவர் சார்பில் தாயோ தோழியோகூட எழுதலாம். 24 மணி நேரத்துக்குள் எடுக்க நடவடிக்கை வேண்டும் என்றார்கள்; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடுவை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். தவறினால் 79-வது பிரிவின் குடை கிடையாது. இந்த ஒரு விதி நம் பெண்கள் விடுதி ஒவ்வொன்றின் நோட்டீஸ் போர்டிலும் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பேன்.

சட்டம் தெரிந்தவருக்கே அது சுலபமாக இல்லை என்பது வேறு விஷயம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். கல்லூரிக் காலத்தில் பழகியவர் ரகசியமாக எடுத்த வீடியோ பல தளங்களில் பரவியிருந்தது. 48 மணி நேரத்தில் நீக்க ஏற்பாடு செய்யும்படி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். நீக்க நீக்க வேறு தளங்களில் மறுபடி முளைத்தது. போலீஸ் விசாரணையில் ஆண் அதிகாரிகள் முன்னால் அந்த வீடியோவை அடையாளம் காட்ட வேண்டி வந்ததையும் கோர்ட் கண்டித்தது. இந்த வழக்கின் பலனாக, இப்படிப்பட்ட படங்களை நீக்குவதற்கான நடைமுறையை அமைச்சகம் வகுத்தது.

மறுபடி முளைப்பதைத் தடுக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது. ஒரு படத்தை நீண்ட எண் வரிசையாக மாற்றலாம், ‘ஹாஷ்’ என்பார்கள். ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இலவச சேவையில் படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை. அந்த எண் மட்டும்தான் போகிறது. சேர்ந்திருக்கும் தளங்கள் அதே எண் வரும் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கின்றன. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று தனிச் சேவை. சேராத தளங்களில் இது செல்லாது, உண்மைதான். பெரிய கம்பெனிகளால் முடிகிற காரியம் என்று தெரிந்த பின், எங்களால் எதையும் கண்காணிக்க முடியாது என்று அவர்கள் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். பதற்றத்தில் முதலில் எதையும் அழித்துவிடாதீர்கள். பக்கத்தின் முழு லிங்க், போட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு தளத்துக்குப் புகார். வரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், கெடு தாண்டியதா என்ற கணக்குக்கு அதுதான் சாட்சி. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தபடியே பதியலாம். மாவட்டத்துக்குக் கடலூரில் சைபர் கிரைம் போலீஸ் இருக்கிறது. தளத்தின் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அதில் ஒருவர் போட்டதற்கு அட்மின் பொறுப்பா? கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் மீது போட்ட எஃப்.ஐ.ஆர். 2021 டிசம்பரில் மதுரைக் கிளைக்கு வந்தது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)