மேட்டுப்பாத்தியும் குழித்தட்டும்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் முன்பெல்லாம் கிணற்றடியிலேயே நாற்றங்கால் இருக்கும். மண்ணைப் பொடியாக்கித் தொழுவுரம் கலந்து மேட்டுப்பாத்தி போடுவார்கள். விரலால் கோடு கிழித்துக் கத்தரியையோ மிளகாயையோ விதைத்து, மணல் தூவி வைக்கோல் பரப்புவார்கள். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். அசந்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். இத்தனை பார்த்தும், ஐப்பசி அடைமழையில் நாற்றழுகல் வந்தால் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் நைந்து, திட்டுத் திட்டாகச் சாய்ந்துவிடும்.

தப்பியதைப் பிடுங்கும்போது நுனிவேர்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வெயில் தாழ்ந்த பிறகு நட்டதும், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் விட்டதும், செத்த இடத்தில் நட மிச்ச நாற்று வைத்திருந்ததும் அதனால்தான்.

இன்று அந்த வேலை நிழல்வலைக் குடிலுக்குப் போய்விட்டது. 98 குழிகள் கொண்ட தட்டில் குழிக்கு ஒரு விதை. மண்ணுக்குப் பதில் மட்கிய தென்னை நார்க்கழிவு. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடுகிறார்கள். முளைத்ததும் பிரித்துப் பரப்புகிறார்கள். தக்காளி சுமார் 25 நாளில் தயார். தட்டிலிருந்து எடுத்தால் வேர், நார்க்கழிவைப் பற்றிக்கொண்டு குழியின் வடிவத்திலேயே வருகிறது. அறுபடாத வேர் நட்ட இடத்தில் வாடுவதில்லை. இந்த ஒன்றுக்காகவே குழித்தட்டை நான் கொண்டாடுவேன்.

2004இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துல்லியப் பண்ணைத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொடங்கியபோது குழித்தட்டு நாற்று வேகம் பிடித்தது. வீரிய ஒட்டு விதையின் விலையும் தள்ளிவிட்டது. ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிராம் வரை தக்காளி விதை தூவிய இடத்தில் ஒட்டு ரகத்துக்கு 100 முதல் 150 கிராம் போதும். ஆனால் ஒவ்வொரு விதைக்கும் காசு.

திருவள்ளூருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாற்றுப் பறிக்கவும் நடவும் வந்த வீடுகளின் பிள்ளைகளை விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி வண்டி ஏற்றிக்கொண்டு போகிறது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சேற்றுக்கு வா என்று யாரையும் கேட்க முடியாது. பொன்னேரிப் பக்கத்து நெல்லிலும் இயந்திர நடவுக்காகத் தட்டில் நாற்று வளர்க்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது விதை. நாற்றங்கால் தோட்டத்தில் இருந்தவரை, நல்ல செடியில் ஒன்றிரண்டு கத்தரிக்காயை மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைப்பது வீட்டு வேலை. நாற்றை விலைக்கு வாங்கத் தொடங்கியதும் ரகத்தை நாற்றுப் பண்ணைக்காரர் முடிவு செய்கிறார். அது கட்டாயமில்லை. கொடுத்த விதையை நாற்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வளர்த்துத் தரும் பண்ணைகள் இருக்கின்றன. ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது. நாட்டுக் கத்தரியில் எடுத்தது வரும். நடவுக்கு ஒன்றரை மாதம் முன்பே அந்த விதையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதுவும் அதே தட்டில் முளைக்கும்.