சாம்பாரிலும் ஒளிந்திருக்கும் கோதுமை... சீலியாக் நோயாளிகள் எங்கெல்லாம் உஷாராக இருக்கணும்?

குழந்தைக்கு மூன்று வயது. எடை ஏறவே இல்லை, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது, அடிக்கடி வயிற்றுப்போக்கு. ‘திருஷ்டி பட்டிருக்கும், சுத்திப் போடு’ என்கிறார் பாட்டி. ‘பூச்சி மருந்து கொடுத்துப் பாரேன்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உடம்பு தேறட்டும் என்று கோதுமைக் கஞ்சியும் பிஸ்கட்டும் கூடுதலாகக் கொடுக்கிறார் அம்மா. குழந்தைக்கு இருப்பது சீலியாக் நோயாக இருந்தால், தேறுவதற்காகக் கொடுக்கும் அந்தக் கஞ்சிதான் குடலைக் கெடுக்கிறது.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சீலியாக் உள்ளவர்களுக்கோ, குளூட்டன் உள்ளே போனதும் நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

பெரியவர்களிடம் இது வேறு முகம் காட்டும். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின், திரும்பத் திரும்ப வாய்ப்புண், எலும்பு பலவீனம், தள்ளிப்போகும் குழந்தைப்பேறு... வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ரத்தச்சோகை மட்டும் இருப்பவர்களும் உண்டு. கவனிக்காமலே விட்டால், அரிதாகச் சிறுகுடலில் புற்றுநோய் வரை போகலாம்.

கோதுமைதான் குற்றவாளி என்பதை உறுதிப்படுத்தியதில் ஒரு பஞ்சத்துக்கும் பங்கு உண்டு. 1944-45 குளிர்காலத்தில், போரால் நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்கவில்லை. மக்கள் துலிப் பூவின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஆனால், சீலியாக் குழந்தைகள் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்திருந்த குழந்தைகள் மருத்துவர் வில்லெம் டிக்கே, 1950-ல் தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார்.

‘இது சப்பாத்தி சாப்பிடுற வட இந்தியக்காரங்க நோயாச்சே?’ பாதி சரி. இந்தியாவில் 23,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், வடக்கில் 1.23 சதவிகிதம் பேருக்கும் தெற்கில் 0.10 சதவிகிதம் பேருக்கும் சீலியாக் இருந்தது. ஆனால், நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம், தட்டில் விழும் கோதுமையின் அளவு. சர்க்கரை, எடைக் குறைப்பு என்று ராத்திரிச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றிவிட்ட நம் வீடுகள் ‘நமக்கெல்லாம் வராது’ என்று இருந்துவிட முடியாது.

இட்லி, இடியாப்பம், புட்டு, ராகிக்களி என்று நம் சமையலில் குளூட்டன் இல்லாத அயிட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல், கண்ணுக்குத் தெரியாத கோதுமையில் இருக்கிறது. முதல் ஆள், பெருங்காயம்! சுத்தமான பெருங்காயத்தின் காரத்தை அப்படியே தாங்க முடியாது என்பதால், மாவு கலந்துதான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் மைதா அல்லது கோதுமை. ஆக, இட்லி பாதுகாப்பானது, பக்கத்தில் இருக்கும் சாம்பார் அப்படி இல்லாமல் போகலாம். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ரவை, சேமியா இரண்டும் கோதுமையின் பிள்ளைகள்தான். சத்துமாவில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லி. கோபி மஞ்சூரியனில் மைதா, போதாததற்கு சோயா சாஸிலும் கோதுமை. வீட்டில் கழுவி, காயவைத்த கேழ்வரகைக்கூட, கோதுமை அரைத்த கையோடு அதே மில்லில் அரைத்தால் பிரச்னைதான். சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வார்ப்பதும் அப்படியே.

‘ஒரு வாய்தானே’ என்பது இங்கே செல்லாது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படுவது ஆய்வில் தெரிந்தது. ஒரு பிரெட் ஸ்லைஸில் இருப்பதில் அது மிகச் சிறு பங்கு. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதி விற்க வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

இதைப் படித்ததும் கோதுமையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் பரிசோதனை. ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி மூலம் எடுக்கும் குடல் திசுப் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். முன்பே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று ரிசல்ட் வரலாம். உறுதியானால், வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவுதான் சிகிச்சை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் பரிசோதனை தேவையா என்று அதே மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.