டார்பிடோ இல்லாத நாசகாரிகள்

1942 பிப்ரவரி 27 மாலையிலும் இரவிலும் ஜாவா கடலில் நடந்த சண்டையில், ஜப்பானியரின் டார்பிடோக்கள் டச்சுக் கடற்படையின் டெ ரெய்ட்டர், ஜாவா என்ற இரு குரூஸர்களையும் கோர்டனார் என்ற நாசகாரியையும் மூழ்கடித்தன. தளபதி கரெல் டோர்மனும் உயிரிழந்தார். டார்பிடோவின் வலிமையை இவ்வளவு பெரிய விலை கொடுத்து அறிந்த கடற்படை, 1950களில் கட்டிய ஹாலந்து வகையின் 4 நாசகாரிகளையும் ஃப்ரீஸ்லாந்து வகையின் 8 நாசகாரிகளையும் டார்பிடோக் குழாய்களே இல்லாமல் வடிவமைத்தது. இதைக் குறை என்பதைவிட, தன் அளவறிந்த ஒரு சிறு நாட்டின் தெளிவு என்பதே பொருந்தும். அந்தத் தெளிவுக்குப் பெயரே சாட்சி. முன்பு டச்சு மொழியில் நாசகாரியின் பெயருக்கு 'டார்பிடோப் படகு வேட்டைக்காரன்' என்று பொருள். இந்தக் கப்பல்களுக்கோ 'நீர்மூழ்கி வேட்டைக்காரன்' என்று பெயரிட்டார்கள். நேட்டோவில் சேர்ந்த நெதர்லாந்துக்கு இனி எதிரிக் கப்பற்படையைத் தனியாகச் சந்திக்கும் வேலை இல்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் சரக்குக் கப்பல்களை சோவியத் நீர்மூழ்கிகளிடமிருந்து காப்பதே அதன் பங்கு. அதனால்தான் 375 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளை ஏவும் நான்கு குழல் ஏவிகள் இரண்டு இடம்பெற்றன. பழைய ஆழ்குண்டைப் போட நீர்மூழ்கிக்கு மேலேயே கப்பல் போக வேண்டும். ராக்கெட்டோ தொலைவிலிருந்தே பாயும்.

அப்படியானால் ஃப்ரீஸ்லாந்து வகைக்கு 60,000 குதிரைத்திறனும் மணிக்கு 36 கடல் மைல் வேகமும் எதற்கு என்று கேட்கலாம். அதிவேகத்தில் சோனார் கருவி செவிடாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் போரின் முடிவில் ஜெர்மனி உருவாக்கிய 21ஆம் வகை நீர்மூழ்கி, நீருக்கடியில் ஏறத்தாழ 17 கடல் மைல் வேகத்தில் ஓடியது. அவற்றில் சில சோவியத் கைக்கும் போயின. மெதுவான காவல் கப்பலால் அத்தகைய எதிரியைத் துரத்த முடியாது. கரெல் டோர்மனின் பெயரைத் தாங்கிய விமானந்தாங்கிக் கப்பலுக்குத் துணை போகவும் வேகம் தேவைப்பட்டது. தானே குண்டேற்றிக்கொள்ளும் நான்கு 120 மில்லிமீட்டர் பீரங்கிகளால் விமானங்களையும் சுட முடிந்தது.

அணுசக்தி நீர்மூழ்கியும் ஏவுகணையும் வந்ததும் இவை பழசாகிவிட்டனவே என்ற வாதம் இன்னும் வலுவானது. ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாதது பெரிய குறையே; 1978 முதல் 1982 வரை பெரு நாடு இவற்றில் 8 கப்பல்களை வாங்கியதும் அதற்கு மறுப்பாகாது. ஆனால் பழசானது கருவிதான், கருத்தல்ல. இவற்றுக்கு மாற்றாக 1978இல் வரத் தொடங்கிய ஃப்ரிகேட்டுகள், ஹெலிகாப்டரோடு அதே நீர்மூழ்கி வேட்டையைத்தான் தொடர்ந்தன. அந்த வகையின் முதல் கப்பலுக்கு வைத்த பெயர், 1942இல் டார்பிடோவுக்குப் பலியான அதே கோர்டனார்.