திருப்பிப் போட்ட சதுரங்கம்

பிரியமான பெற்றோரே, பிழைப்புக்காக நகரத்திற்கு வந்த நமக்கு, கலை பயிலும் பிள்ளை இரவு வெகுநேரம் விழித்திருந்து லினோலியத் துண்டைச் செதுக்குவதைக் கண்டால் மனம் கலங்குகிறது. “இது சோறு போடுமா?” என்று கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்பதற்குமுன், பிள்ளை அங்கே என்ன கற்றுக்கொள்ளுகிறது என்பதைச் சற்றே கவனிப்போமா?

அச்சோவியம் பயிலும் மாணவருக்குச் சதுரங்கம் மிகப் பொருத்தமான கருப்பொருள். கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறங்கள், 64 கட்டங்கள். லினோகட் முறையில் வெள்ளையாக வேண்டிய இடங்களை உளியால் குடைந்தெடுப்பார்கள். குடையாமல் மேடாக நிற்கும் இடமே உருளையின் மையை ஏற்றுத் தாளில் கறுப்பாய்ப் பதிகிறது. எனவே பலகை முழுவதையும் அச்சிட 32 கட்டங்களைக் குடைய வேண்டும். மற்ற 32 கட்டங்களைத் தொடாமல் காக்க வேண்டும்.

புதிய மாணவன் இடறுவது இங்கேதான். அச்சு இடவலம் மாறியே விழும். ஆடுபவரின் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. கண்ணால் கண்டபடியே செதுக்கினால் தாளில் அம்மூலை கறுப்பாகிவிடும். ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்பார்கள். குடைந்ததை மறுபடியும் நிரப்புவது அரிது. தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்பது போட்டிச் சதுரங்கத்தின் கட்டளை. உளி பிடித்தவனுக்கும் அதுவே கட்டளை.

ஆகையால் தேறிய மாணவன் முதலில் மெல்லிய தாளில் வரைகிறான். அதைத் திருப்பிப் போட்டு லினோலியத்தில் படியெடுத்த பின்னரே உளியைத் தொடுகிறான். செய்யுமுன் முடிவைக் காணும் இப்பழக்கம் சதுரங்க வீரனுக்கும் உரியதல்லவா?

இவ்விரண்டின் உறவு பழமையானது. வில்லியம் காக்ஸ்டன் 1474இல் அச்சிட்ட சதுரங்க நூல், ஆங்கிலத்தில் அச்சேறிய தொடக்க நூல்களுள் ஒன்று. ஏறத்தாழ 1483இல் வந்த அதன் மறுபதிப்பு மரச்செதுக்குப் படங்களைத் தாங்கி வந்தது. லினோகட் முறையும் அற்பமானதன்று. 1930ஆம் ஆண்டின் தண்டி யாத்திரையை நினைவுகூர, கோலூன்றி நடக்கும் காந்தியடிகளை நந்தலால் போஸ் படைத்தது இம்முறையிலேதான்.

ஆகவே, மூலை கறுப்பாய் விழுந்த தாளோடு பிள்ளை வாடி நிற்கும்போது, பணம் வீணாயிற்றென்று கடிந்துகொள்ளாதிருங்கள். தவறு எங்கே நேர்ந்தது என்று அன்பாய்க் கேளுங்கள். அதைத் தானே எடுத்துச் சொல்லும் பிள்ளை பாதி கற்றுவிட்டது. மீதியைக் கற்க, இன்னொரு துண்டு லினோலியம் வாங்கிக் கொடுங்கள்.